வலது பாக்கெட்டில் இருப்பது

தினேஷ்,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். ஒன்று பழுப்புத் தோல். இன்னொன்று கறுப்பு பிளாஸ்டிக். மூன்றாவது சொரசொரவென்று ஏதோ ரப்பர் துணி. கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "எது நல்லா இருக்கும்மா? ரேவதி பேசவே மாட்டேங்கிறா, நீயாவது சொல்லு." தீபாவளிக்குச் சட்டை எடுக்கும்போது இப்படித்தான் இரண்டு கையிலும் இரண்டைத் தூக்கிக்கொண்டு கேட்பாய். பேன்ட் பாக்கெட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள எந்த உறை பொருத்தம் என்று பெற்றவளைக் கேட்கிற பிள்ளை தாம்பரத்திலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். படித்ததிலிருந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எழுத வராமல் இல்லை. கோபத்தில்.

போனில் பேசினால் நான் கத்துவேன். நீ "அம்மா, டிராஃபிக்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை உனக்குக் கொடுப்பதற்கு முன்னால் உன் பெண்டாட்டி ரேவதியும் உன் அக்காவும் படிக்கப்போகிறார்கள். உன் அப்பாவுக்கு நானே சத்தமாகப் படித்துக் காட்டுவேன். மானம் போகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் போகாத மானம் இந்த வீட்டுக்குள் போய்விடாது.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு மறந்துபோயிருக்கும். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நீயும் பாஸ்கரும் சேர்ந்து இடம் வாங்கினீர்கள், மனை பிரித்து விற்றீர்கள். கூட்டு வியாபாரம் நல்லபடியாகத்தான் போனது. அந்தப் பாஸ்கர் நம் வீட்டுச் சாப்பாட்டில் பாதி நாள் வளர்ந்தவன். கடைசியில் மிஞ்சியது இரண்டே மனை. முன்னால் இருப்பது அவனுக்கு, பின்னால் இருப்பது உனக்கு. உன் மனைக்குப் போகிற வழி அவன் மனை ஓரமாக. பைக் போனால் போதும் என்று அவன் சொன்னான், கார் போகணும் என்று நீ சொன்னாய். அவன் கல்லுக்கால் நட்டு வேலி போட்டான், நீ ஆள் வைத்துப் பிடுங்கினாய், அவன் மறுபடி நட்டான். அப்போதுதான் கொத்தனார்கள் முன்னால் அவன் சொன்னானாம்: "இன்னொரு வாட்டி என் வேலில கை வெச்சே, கை இருக்காது." சொன்னது தப்புதான், அவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மணல் லாரி டிரைவரிடமும், குறுக்கே வருகிற நாயிடமும் அவன் அதையேதான் சொல்வான் என்று இருபது வருஷமாகப் பழகின உனக்குத் தெரியாதா? அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நீ நேராகத் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாய். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தவருக்கு நானே காபி கொடுத்து, "என் பையன் ரொம்ப பொறுமைசாலி சார்" என்றேன்.

வந்தது சின்னதுதான். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. முதலில் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டாய். இந்த ஊர் வெயிலில் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, காரில் உட்கார்ந்தால் வயிற்றில் குத்துகிறது என்று நெளிந்துகொண்டு. சைட்டில் மேஸ்திரி பார்த்துவிட்டார் என்றதும் உனக்குச் சரிப்படவில்லை. "வெளிய தெரியக்கூடாதும்மா. தெரியாம இருந்தாத்தான் சேஃப்டி" என்று சொல்லிவிட்டுப் பாக்கெட் உறை தேட ஆரம்பித்தாய். பார்சல் பார்சலாக வந்தது. உன் மகள் மிதுனாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எந்தப் பள்ளிக்கூடம் என்று நீ இத்தனை தேடவில்லை. ரேவதிதான் அலைந்தாள்.

குடும்பத்தோடு நீ இங்கே வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நம் மாடம்பாக்கம் வீட்டு ஹாலில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. பீரோ கண்ணாடி முன்னால் நீ நின்றாய். ஒவ்வொரு உறையாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்தாய், திரும்பி வந்தாய், குனிந்தாய், உட்கார்ந்தாய்.

"இப்ப பாரும்மா. தெரியுதா?"

"கொஞ்சம் புடைச்சாப்ல இருக்கு."

உன் அப்பா பேப்பரை இறக்கிவிட்டு, "டேய், பின்னாடி பாக்கெட்ல வெச்சிப் பாரேன். பர்ஸ் மாதிரி இருக்கும்ல" என்றார்.

"பின்னாடி வெச்சா உக்கார முடியாதுப்பா. எடுக்கவும் லேட்டாகும்."

எடுக்க லேட்டாகுமாம். எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. புடவைக்கு பிளவுஸ் பொருந்துகிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடி வைத்த ஒரு கறுப்பு உறையைப் பார்த்து, "இது செல்போன் பவுச் மாதிரியே இருக்குடா, யாருக்கும் தெரியாது" என்று சொன்னது நான்தான். ரேவதி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

என்னை உட்காரவைத்து நீ போட்டுக்காட்டின வீடியோக்களையும் நான் முழுசாகப் பார்த்தேன். குண்டு குண்டாக வெள்ளைக்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டே பேசினார்கள். சுடுகிற விசையை உறை முழுசாக மூடியிருக்கணும், வெளியிலிருந்து ஒரு விரல்கூட அதில் படக்கூடாது. உறையின் வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கணும். அப்போதுதான் துப்பாக்கியை எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே நிற்கும். பாக்கெட் ஆழமாக இருக்கணும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவுமே இருக்கக்கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும். அவர்கள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவனுக்கு அதெல்லாம் சரியான புத்திமதிதான். நீயும் ஒரு மாணவன் மாதிரி ஒவ்வொன்றையும் கடைப்பிடித்தாய். வலது பாக்கெட்டைக் காலி செய்தாய்.

அந்தப் பாக்கெட்டில் அதுவரை என்ன இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடலை மிட்டாய். பள்ளிக்கூடம் விட்டு இங்கே இருக்கும் மிதுனாவைக் கூட்டிப்போக சாயங்காலம் நீ கேட்டைத் திறந்தவுடன் அவள் ஓடிவந்து, உன்னைக் கேட்காமலே கையை விட்டு எடுத்துக்கொள்வாள். பாக்கெட் காலியான விஷயம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஓடிவந்தாள், கையை விட்டாள். நீ அவள் மணிக்கட்டில் அடித்தாய். பட்டென்று சத்தம் வந்தது. "இனிமே அப்பா பாக்கெட்ல கை விடக்கூடாது, புரியுதா?" என்றாய். குழந்தை அழவில்லை. அதிர்ந்துபோய் நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து, "அப்பா பாக்கெட்ல என்ன பாட்டி இருக்கு?" என்று கேட்டாள். ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஆயுசு பூராவும் கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பாதித்தவள் நான். அந்தக் கேள்விக்கு டப்பாவிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

கவுண்டர் என்றதும் ஒன்று சொல்கிறேன், கேள். நீ அப்போது காலேஜில் இருந்தாய். செங்கல்பட்டு டிக்கெட்டுக்கு நின்ற ஒருவனுக்கும் எனக்கும் சில்லறை விஷயமாக வாய்த்தகராறு. அவன் கத்தவில்லை. வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் அத்தனை பேர் இருந்தும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். கடைசியில் அவன் எடுத்தது கைக்குட்டை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகம் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அந்தக் கை ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. நீ இப்போது ஊர் முழுக்க அந்தக் கையோடு நடந்துகொண்டிருக்கிறாய். பால்காரரிடம் பேசும்போதும் கை பாக்கெட்மேல். சிவன் கோயில் வரிசையில் நின்றாலும் கை அங்கேயே. உனக்குத் தெரிந்தே செய்கிறாயா, தெரியாமலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தேர்தல் வந்தபோது, துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோரையும் போல நீயும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தாய். அந்த நாட்களில் உன்னை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பாஸ்கர் அப்போதும் அதே ஊரில்தான் இருந்தான். வேலி அதே இடத்தில்தான் இருந்தது. உன்னை யாரும் வெட்டவில்லை, மிரட்டவும் இல்லை. நீ மிதுனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாய். உன் அப்பாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்து, பழைய மாதிரி கத்தினாய். ரேவதி என்னிடம், "தேர்தல் வருஷா வருஷம் வரக்கூடாதா அத்தை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முடிவு வந்த கையோடு நீ முதல் ஆளாகப் போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாய்.

அப்புறம் உன் அக்கா மகள் நிச்சயதார்த்தம். கேம்ப் ரோடு பக்கத்தில் மண்டபம். கூட்டத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு போகக்கூடாது, பள்ளிக்கூடத்துக்குள் கூடாது என்று லைசென்ஸிலேயே போட்டிருப்பதாக ஒருமுறை நீதான் சொன்னாய். "மண்டபத்துக்கு வேண்டாம்டா" என்று நான் வாசலில் வைத்துச் சொன்னேன். "யாருக்கும் தெரியாதும்மா" என்றாய். ஆமாம், யாருக்கும் தெரியவில்லை. அதுதான் வினையாகப் போனது. புதுசாகத் தைத்த பேன்ட்டில் பாக்கெட் ஆழம் குறைவு. பந்தியில் மிதுனா பாயசத்தைக் கொட்டிக்கொண்டாள் என்று நீ குனிந்து அவளைத் துடைத்துவிட்டாய். உறையோடு அது வழுக்கி மேஜைக்குக் கீழே விழுந்ததை நீ கவனிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டாய்.

குழந்தை எடுத்தாள். எடுக்காமல் என்ன செய்வாள்? செல்போன் பவுச் மாதிரியே இருக்கிறது என்று அவள் பாட்டியே சொன்ன சாமான் அல்லவா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடுவே நடந்தாள். "அப்பா போன விட்டுட்டுப் போயிட்டாரு, அப்பா போன விட்டுட்டுப் போயிட்டாரு." மாப்பிள்ளையின் அம்மா, "இங்க குடு கண்ணு, யாருதுன்னு பாக்கலாம்" என்று கையை நீட்டி வாங்கினார். கனம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது. மூடியைத் திறந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதை மெதுவாக இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மிதுனாவை இழுத்துத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். என் பேத்தியைக் காப்பாற்றியது, அன்றைக்குத்தான் சொந்தமாகியிருந்த அந்த அம்மா.

நீ கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். பந்தி முழுக்கப் பேச்சு நின்றிருந்தது. நான் எதிர் வரிசையிலிருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழந்தையைத் தூக்குவாய் என்று நினைத்தேன். நீ முதலில் எடுத்தது அந்த உறையை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, முணுமுணுப்பாக, ஆனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "லூசா இருக்கு. இந்த ஹோல்ஸ்டர் சரியில்ல" என்றாய்.

உறை சரியில்லையாம்! உன் மகள் குண்டு போட்ட துப்பாக்கியோடு பந்தியில் நடந்திருக்கிறாள், உன் வாயில் வந்த முதல் வார்த்தை அது. விசை மூடியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று அப்புறம் காரில் விளக்கம் வேறு சொன்னாய். அந்த மூடியை அவள் திறந்திருந்தால்? எதிரில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? உன் அக்கா. ரேவதி அன்றைக்கு உன்னோடு பேச்சை நிறுத்தினாள். நான் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

கீழ்க்கட்டளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசினார்கள். சண்டை போடவில்லை, சம்பந்தத்தை முறிக்கவும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா உன் அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: "தாய்மாமன் இல்லாம எந்தக் கல்யாணமும் இல்லம்மா. அவரு வரட்டும். அது வரக்கூடாது." இதைவிடக் கௌரவமாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? அதற்கு நீ உன் அக்காவிடம், "எனக்குக் கண்டிஷன் போட அவங்க யாரு?" என்று எகிறினாய். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். அவள் கல்யாணத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் நான் ஒருநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் பாஸ்கர் வீட்டுக்குப் போனேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியே பைக்மேல் இரண்டு தடியன்கள். நீ அடிக்கடி சொல்வாயே, "அவன் ரெண்டு ரவுடிய வெச்சிருக்காம்மா, அதனாலதான் நான் இத வெச்சிருக்கேன்" என்று, அவர்கள்தான். யாரும்மா வேணும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பாஸ்கர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாம்மா, நீ வந்துகீறே? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"நீ வரமாட்டே. நீ பயந்துபோய் இருக்கே."

அவன் மறுப்பான் என்று பார்த்தேன். "ஆமாம்மா, பயந்துகினுதான் கீறேன்" என்றான். "உன் புள்ள எங்கிட்ட பேசசொல்ல கைய பாக்கெட்லயே வெச்சிக்கினு பேசறான். நான் அவன் மூஞ்சியப் பாப்பனா, பாக்கெட்டப் பாப்பனா? சொல்லு."

"வெளியில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்களே, அவங்க எதுக்கு?"

"அதுக்குத்தான். எனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுப்பான்? இவனுங்கதான் என் லைசென்ஸ்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். உன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மேஸ்திரி வந்து சொன்ன மறுவாரத்திலிருந்து என்றான். கேட்டாயா தினேஷ்? நீ சொன்ன வரிசையே தலைகீழ். முதலில் வந்தது உன் துப்பாக்கி. அப்புறம்தான் அந்த ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் காட்டித்தான் நீ இத்தனை நாளாக அதை நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறாய்.

"கை இருக்காதுன்னு சொன்னியா இல்லையா நீ?" என்று கேட்டேன். நான் அவனையும் விடவில்லை.

"சொன்னேம்மா. தப்புதான். ஆனா வாயிலதான சொன்னேன்."

அவன் மனைவி அமுதா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பசங்கள டியூஷனுக்குக்கூட அனுப்பறதில்லம்மா. அப்பா கூட வண்டில போவாதீங்கன்னு நானே சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். சொல்லிக்கொண்டே கேட் பூட்டு சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். நம்மால் ஒரு குடும்பம் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, ஆட்களை விட்டுவிட்டு வா, தினேஷும் வெறும் கையோடு வருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் வாக்குக் கொடுத்தேன். பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அவன் சொன்னபடி வந்தான். அமுதாவும் அவனும் மட்டும், ஒரு பை ஆப்பிளோடு. நீ வந்தாய், கேட்டுக்கு வெளியே நின்றாய். எதுவும் எடுத்து வராதே என்று உனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

"உள்ள யாரு வண்டிம்மா?"

"பாஸ்கர்."

உன் கை பாக்கெட்டுக்குப் போனது.

"இருக்கா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இருக்கும்மா."

"நான் லைசென்ஸக் கேக்கல."

"அவன் உள்ள இருக்கும்போது நான் எப்படிம்மா வெறுங்கையோட வருவேன்?"

"அவன் கையில என்ன இருக்கு தெரியுமாடா? ரசக் கிண்ணம் இருக்கு. உங்க அப்பாவுக்கு ஊத்திக்கிட்டிருக்கான்."

நீ உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நம் பேச்சு எல்லாம் உள்ளே ஹால் வரை கேட்டிருந்தது. பாஸ்கர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான் என்று பயந்தேன். எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்து, "வேலிய நான் தள்ளிப் போட்டுக்கறேம்மா. கார் போவட்டும். எனுக்கு இந்த பேஜாரே வாணாம்" என்றான். இத்தனை நாள் நீ பாக்கெட்டில் சுமந்த விவகாரம் அவ்வளவுதான். நீ இல்லாத இடத்தில், மோர் குடிக்கிற நேரத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை அவன் கல்லுக்கால்களைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டான். அந்த இரண்டு ஆட்களையும் அனுப்பிவிட்டான். அமுதா பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பியதாக எனக்குப் போன் செய்தாள். நீயும் சைட்டுக்குப் போய்ப் பார்த்தாய் என்று மேஸ்திரி சொன்னார். பார்த்துவிட்டு அவனிடம் ஒரு வார்த்தை பேசுவாய், இல்லையென்றால் என்னிடமாவது பேசுவாய் என்று காத்திருந்தேன். மறுநாள் நீ எனக்கு அனுப்பியதுதான் அந்த மூன்று படங்கள்.

இப்போது சொல், அது யாருக்காக? மிரட்டியவன் வேலியை எடுத்துவிட்டான். அவனுடைய ஆட்கள் போய்விட்டார்கள். இந்த ஊரில் இன்றைக்கு அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உன் வீட்டு ஆட்கள் மட்டும்தான். ரேவதியும் மிதுனாவும் இங்கே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையும் இரண்டு செட் துணியும் கொண்டு வந்திருக்கிறாள். நான் கூப்பிடவில்லை, கேட்டை மட்டும் திறந்தேன். ஏன் வந்தாய் என்று நான் கேட்காமலே அவள் சொன்னாள்: "தெனமும் அவரு தூங்கினதுக்கப்பறம் எழுந்து போய், பேன்ட்ட எங்க மாட்டியிருக்காருன்னு பாக்கறேன் அத்தை. மிதுனாவுக்கு எட்டுமான்னு பாக்கறேன். என்னால முடியல." விலை உயர்ந்த உறை வாங்கினால் அந்தப் பேன்ட் ஆணியில் தொங்காதா? எந்தத் தோலில் தைத்தால் அவளுக்குத் தூக்கம் வரும் என்று உன் வீடியோக்காரர்களைக் கேட்டுச் சொல்.

நீ என் பிள்ளை. உன் முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்று நான் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும். உனக்குப் பயம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆம்பிளை பயந்தால் ஒளித்துத்தான் வைக்கணும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பாஸ்கர் ஒரு கிழவி முன்னால் "பயந்துகினுதான் கீறேன்" என்று சொன்னான். அவனை நான் ஒன்றும் குறைவாக நினைக்கவில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவனால் வேலியை நகர்த்த முடிந்தது. நீ அதைச் சொல்லிவிட்டால் போதும். என்னிடம் சொல்ல வேண்டாம். ரேவதியிடம் சொல்.

தேர்தலுக்குக் கொடுத்த மாதிரியே ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. இந்த முறை திரும்ப வாங்காதே. கொடுத்துவிட்டு நேராக இங்கே வா. இது நான் வேலை பார்த்துக் கட்டின வீடு, என் பேரில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியோடு நீ இதன் படி ஏறக்கூடாது. மீறி ஏறினால் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்வேன். என் மகன் என்று பார்க்கமாட்டேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள். ஆனால் என் இரண்டு கையும் மேஜைமேல் இருக்கிறது.

நீ வந்தால் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. திட்ட வேண்டியதையெல்லாம் இதிலேயே திட்டியாகிவிட்டது. அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. தீரவில்லை. உன்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகும். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். உன் தட்டில் சோற்றை வைக்கும்போதும் கோபமாகத்தான் வைப்பேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு, வா.

அம்மா